கார்டினியா இலை மஞ்சளானது ஏன்? என் அனுபவம்

பாளையங்கோட்டை வீட்டுத் தொட்டியில் வைத்த கார்டினியாவில் (மணக்கும் வெள்ளைப் பூச்செடி) மொட்டு மலராமலே உதிர்ந்தது, இலை மஞ்சளானது. சாணி உரம், வேப்பெண்ணெய், அப்புறம் மக்னீசியச் சத்துக்காக எப்சம் உப்பு. மூன்று வாரம் வீண்.

ஒருநாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். அடி இலைகள் பச்சையாகவே இருந்தன. கொழுந்து மட்டும் மஞ்சள், அதிலும் நரம்பு பச்சை. மக்னீசியம் குறைந்தால் முதலில் அடி இலைதான் வெளுக்கும். எப்சம் உப்பு கேட்காததில் வியப்பில்லை. இது இரும்புச்சத்துக் குறை. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. போர்வெல் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பின் வேலை! கார்டினியாவுக்குப் புளிப்பு (அமில) மண் வேண்டும். சுண்ணாம்பு ஏறினால் புளிப்பு குறைந்து, மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்காது.

மேல்மண்ணைச் சுரண்டி, மட்கிய உரம் போட்டு, தாமிரபரணிக் குழாய்த் தண்ணீருக்கு மாற்றினேன். கீலேட் இரும்பு (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான இரும்புச்சத்து) லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் கலந்து, சாயங்காலம் தெளித்தேன். பழைய மஞ்சள் இலை முழுசாகத் தேறவில்லை, புதுக்கொழுந்து பச்சையாக வந்தது. நேற்று முதல் பூ; திண்ணை வரை மணம். அப்பாடா!