உதவப் போகும் முன் ஒரு போன் போடுங்கள்: சூப் கிச்சன், உணவு வங்கி பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டுக்கு வந்து வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஓரளவு ஒழுங்கானதும் நம்மில் பலருக்கு ஒரு எண்ணம் வரும், இந்த ஊருக்கு நாமும் ஏதாவது செய்யலாமே என்று. நல்ல எண்ணம், தள்ளிப்போடாதீர்கள். ஆனால் என்ன கொடுப்பது, என்றைக்குப் போவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்பாமல், முதலில் அருகில் இருக்கும் சூப் கிச்சனுக்கோ உணவு வங்கிக்கோ ஒரு போன் போட்டு "உங்களுக்கு இப்போது எது குறைவாக இருக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் போவதால்தான் ஒரே நாளில் தேவைக்கு மேல் ஆட்கள் வந்து ஓரமாக நிற்பதும், அடுத்த வாரம் பாத்திரம் கழுவ ஒருவரும் இல்லாமல் போவதும் நடக்கிறது.

சூப் கிச்சனும் உணவு வங்கியும் ஒன்றல்ல. சூப் கிச்சனில் சமைத்த சாப்பாடு கிடைக்கும், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம், பெரும்பாலும் யார் என்ன என்று கேட்க மாட்டார்கள். உணவு வங்கியில் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமைக்க மளிகைப் பொருட்கள் தருவார்கள், அதற்குப் பெயர்ப் பதிவோ பரிந்துரைச் சீட்டோ தேவைப்படலாம். உணவு வங்கி என்ற யோசனையே சூப் கிச்சனில் உதவிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர், நல்ல நிலையில் இருக்கும் உணவைக் கடைகள் குப்பையில் போடுவதைப் பார்த்து, அதை வாங்கிச் சேர்த்து வைத்துத் தேவைப்படும் அமைப்புகளுக்குக் கொடுக்க 1967-ல் செயின்ட் மேரிஸ் உணவு வங்கியைத் தொடங்கினார். கனடாவில் முதல் உணவு வங்கி 1981-ல் எட்மன்டனில் வந்தது. இன்றைக்கும் பல ஊர்களில் இப்படித்தான், ஒரு பெரிய கிடங்கு, அதிலிருந்து பொருள் எடுத்துப்போகும் பல சின்ன அமைப்புகள். ஆகவே உதவ நினைப்பவர்களுக்குப் பரிமாறுவது மட்டுமே வேலை இல்லை. கிடங்கில் பெட்டி பிரிக்க, வண்டி ஓட்ட, கணக்கு எழுத, போன் எடுக்க, மொழிபெயர்க்க என்று நிறைய இருக்கிறது. தமிழோடு இன்னொரு மொழியும் தெரிந்தவர் என்றால் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், புதிதாக வந்து மொழி புரியாமல் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு உங்களைவிடப் பெரிய உதவி அங்கே யாரும் செய்ய முடியாது.

இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான இடங்களில் 211 என்ற எண்ணை அழைத்தால் அருகில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வார்கள். மற்ற நாடுகளில் நூலக அறிவிப்புப் பலகை, ஊராட்சி அலுவலகம், தேவாலயம் என்று எங்கே கேட்டாலும் வழி கிடைத்துவிடும்.

அடுத்தது விசா, இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சம்பளம் வாங்கவில்லையே, இதில் என்ன இருக்கிறது என்று நினைப்போம். பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தொண்டு நிறுவனத்துக்கு, ஒப்பந்தம் ஏதும் இல்லாமல், ஒரு ஊழியரின் இடத்தை நிரப்பாமல் செய்யும் உதவி ஒரு வகை. குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட பொறுப்பு என்று ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் இல்லாமல் செய்வது இன்னொரு வகை. இரண்டாவது வகை வேலையாகவே கருதப்படும், வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பு உங்கள் விசாவில் இருந்தால் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். பிரிட்டனுக்கு விசிட்டராக வந்திருக்கும் அப்பா அம்மா, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை உதவலாம். தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருப்பவர்களும் அங்கே தொண்டு நிறுவனங்களில் உதவலாம், மாதக்கணக்கில் சும்மா அறைக்குள் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த நிலையில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவர்கள், வழக்கமாகவே தன்னார்வலர்கள் செய்யும் வேலையைத் தொண்டு நிறுவனத்தில் செய்தால் பிரச்சினை இல்லை. ஆனால் மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யவைக்கும் வேலையை இலவசமாகச் செய்யப் போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

பதிவு செய்யும்போது சில இடங்களில் போலீஸ் சோதனைச் சான்று கேட்பார்கள். குழந்தைகள், முதியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் இருக்கும் இடம் என்றால் கட்டாயம் கேட்பார்கள், அது நம் மேல் சந்தேகம் இல்லை, எல்லோருக்கும் உள்ள நடைமுறை. பிரிட்டனில் இதை டிபிஎஸ் என்பார்கள், அமைப்பு கேட்டு எடுக்கும் ஸ்டாண்டர்ட், என்ஹான்ஸ்ட் வகைகளுக்குத் தன்னார்வலர்களுக்குக் கட்டணம் கிடையாது. மற்ற நாடுகளில் செலவு யாருடையது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எத்தனை மணி நேரம் ஒப்புக்கொள்வது? குறைவாக ஒப்புக்கொள்ளுங்கள், ஒப்புக்கொண்டதற்குத் தவறாமல் போங்கள். உற்சாகத்தில் வாரம் மூன்று நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரே மாதத்தில் காணாமல் போகிறவர்களைவிட, மாதம் இரண்டு முறை இரண்டு மணி நேரம் வந்து நிற்பவர்களைத்தான் ஒருங்கிணைப்பாளர்கள் நம்புவார்கள், ஏனென்றால் அவர்கள் உங்களைக் கணக்கில் வைத்துத்தான் எத்தனை பேருக்குச் சமைப்பது என்றே முடிவு செய்கிறார்கள். வர முடியவில்லை என்றால் அதற்கு முந்தைய நாளே சொல்லுங்கள். இன்னொன்று, டிசம்பரில் எல்லோரும் வருவார்கள், பட்டியல் நிரம்பி வழியும். ஜனவரியிலும், பள்ளி விடுமுறை விடும் கோடை மாதங்களிலும் ஆளும் இருக்காது, பொருளும் இருக்காது. பள்ளியில் மதியச் சாப்பாடு கிடைக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறையில் அதுவும் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அப்போது போங்கள்.

சமையலறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை கை கழுவுவது, சோப்புப் போட்டு 20 விநாடி. மோதிரம், வளையல் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனால் நல்லது, முடியைக் கட்டி வலை போட வேண்டும், போன் பையிலேயே இருக்கட்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் நின்று 48 மணி நேரம் ஆகும் வரை வரக் கூடாது என்பது பிரிட்டனில் உணவைத் தொடும் எல்லோருக்கும் சொல்லப்படும் விதி, எந்த நாட்டிலும் அதைப் பின்பற்றலாம். வரிசையில் எதிரே நிற்பவரின் உடல் ஏற்கனவே பலவீனமாக இருக்கலாம், நமக்கு இரண்டு நாளில் சரியாகிவிடும் தொற்று அவரை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். சமைத்ததை வெப்பமானியை உள்ளே செருகிப் பார்த்துக் குறித்து வைப்பார்கள், சூடாக வைத்திருக்கும் உணவு பிரிட்டனில் 63 டிகிரி செல்சியஸுக்கும் ஆஸ்திரேலியாவில் 60 டிகிரிக்கும் கீழே இறங்கக் கூடாது. நீங்கள் வீட்டில் எவ்வளவு நன்றாகச் சமைப்பவராக இருந்தாலும் இந்தக் குறிப்பேட்டை மதிக்க வேண்டும், ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். இறைச்சியைத் தொட மாட்டேன் என்பவர்கள் அதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், காய் நறுக்கவோ தட்டு அடுக்கவோ விடுவார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பரிமாறும் மேசையில் நிற்கும்போது கரண்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லி, இதுவா அதுவா, கொஞ்சமா நிறையவா என்று கேளுங்கள். நாள் முழுக்க எங்கே போனாலும் அங்கே நில், இங்கே கையெழுத்துப் போடு என்று சொல்லப்படுகிற ஒருவருக்கு, எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கக் கிடைப்பது பெரிய விஷயம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்க வேண்டாம், அலர்ஜி இருக்கலாம், மதக் காரணம் இருக்கலாம், பல் இல்லாமல் இருக்கலாம். எப்படி இந்த நிலைக்கு வந்தீர்கள் என்று ஒருபோதும் கேட்காதீர்கள், அவராகச் சொன்னால் காது கொடுங்கள். ஒருவர் அளவை மீறிக் கேட்டால் நீங்களாக முடிவெடுக்காமல் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள், ஒருவருக்குக் கொடுத்து அடுத்தவருக்கு இல்லை என்றால் வரிசையில் சண்டை வரும்.

போட்டோ எடுக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சங்கத்தின் பேனரைப் பிடித்துக்கொண்டு, சாப்பாடு வாங்க வந்தவரின் முகம் தெரிய எடுத்த படத்தைக் குழுவில் போடுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. அவருடைய பிள்ளையின் பள்ளித் தோழர்களே அதைப் பார்க்கலாம். படம் வேண்டுமென்றால் கதவு திறக்கும் முன் உங்கள் ஆட்களை மட்டும், அமைப்பின் அனுமதியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பொருளாகக் கொடுப்பவர்களுக்கு. உணவு வங்கியின் பிரிப்பு மேசையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் எதைக் கொடுக்கக் கூடாது என்று தானாகவே புரியும். ஒவ்வொரு டின்னையும் கையில் எடுத்துத் தேதி பார்ப்பார்கள், விரலால் விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள், மடிப்பில் நசுங்கியிருந்தாலோ மூடி உப்பியிருந்தாலோ நேராகக் குப்பைத் தொட்டிக்குத்தான். பொதியில் இருக்கும் தேதி இரண்டு வகை. இந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று பாதுகாப்புக்காகப் போட்டது ஒன்று, அது தாண்டினால் யாருக்கும் கொடுக்க முடியாது. இந்தத் தேதி வரை சுவையும் தரமும் நன்றாக இருக்கும் என்று போட்டது இன்னொன்று, அது கொஞ்சம் தாண்டிய பொருளைச் சில அமைப்புகள் ஏற்கும், சில ஏற்காது. குழந்தைகளுக்கான பால் மாவில் எந்தத் தேதி தாண்டியிருந்தாலும் கூடாது. வீட்டில் சமைத்த உணவைப் பெரும்பாலான இடங்களில் வாங்க மாட்டார்கள், மனம் வருத்தப்பட வேண்டாம், என்ன சேர்த்தது, எங்கே சமைத்தது என்று அவர்களால் பொறுப்பேற்க முடியாது என்பதுதான் காரணம். அலமாரியில் நமக்குப் பிடிக்காமல் கிடப்பதைத் தூக்கிக் கொடுப்பதைவிட, அவர்களின் தேவைப் பட்டியலைப் பார்த்து வாங்கிக் கொடுப்பது நூறு மடங்கு மேல். அதில் சாப்பாடு மட்டும் இருக்காது. டயாப்பர், சானிட்டரி நாப்கின், சோப்பு, பற்பசை இவையெல்லாம் எப்போதும் குறைவாக இருப்பவை, கொடுப்பவர்களுக்குச் சட்டென்று தோன்றாதவை. டின் திறப்பான் இல்லாதவர்களுக்காக, இழுத்துத் திறக்கும் மூடி உள்ள டின்களாக வாங்குங்கள்.

பணமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. அவர்கள் மொத்த விலையில் வாங்குவார்கள், நாம் கடையில் கொடுக்கும் அதே பணத்துக்கு அதிகம் கிடைக்கும், அப்புறம் வாடகைக்கும் வண்டிக்கும் குளிர்பதன அறைக்கும் டின்னைக் கொடுத்துக் கட்ட முடியாது இல்லையா. ஒரே முறை பெரிய தொகையைவிட மாதாமாதம் சின்னத் தொகை போனால் அவர்களால் திட்டம் போட முடியும். கொடுக்கும் முன் அமைப்பு பதிவு பெற்றதா என்று அரசுப் பட்டியலில் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாரிட்டி கமிஷன், கனடாவில் வருவாய்த்துறையின் பட்டியல், ஆஸ்திரேலியாவில் ஏசிஎன்சி என்ற தொண்டு நிறுவன ஆணையம், அமெரிக்காவில் ஐஆர்எஸ் என்ற வரித்துறை, எல்லாமே இணையத்தில் இலவசமாகத் தேடலாம். தெருவில் வாளியோடு நிற்பவரோ வாட்ஸப்பில் வரும் வேண்டுகோளோ அவசரப்படுத்தினால், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். உண்மையான அமைப்பு இதற்குக் கோபப்படாது.

வரி விஷயத்தில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பிரிட்டனில் நீங்கள் வரி கட்டுபவர் என்றால் கிஃப்ட் எய்ட் படிவத்தில் ஒரு டிக் போட்டால் போதும், நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாக அந்த அமைப்புக்குப் போகும், உங்கள் கையிலிருந்து எதுவும் போகாது. கனடாவில் ரசீதை எடுத்து வையுங்கள், அந்த வருடம் பயன்படுத்தாவிட்டாலும் அடுத்த 5 வருடங்களுக்குள் கணக்கில் காட்டலாம், கணவன் மனைவி இருவரின் ரசீதுகளையும் சேர்த்து ஒருவரே காட்டலாம், 200 டாலருக்கு மேல் போகும் தொகைக்குச் சலுகை விகிதமும் கூடும். ஆஸ்திரேலியாவில் 2 டாலரிலிருந்தே கழிவு உண்டு, ஆனால் பதிவு பெற்ற எல்லா அமைப்புக்கும் அது பொருந்தாது, நன்கொடைக்கு வரிக்கழிவு தர அனுமதிக்கும் டிஜிஆர் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். தனி ஒருவருக்காக இணையத்தில் திரட்டும் நிதிக்கு வரிச்சலுகை பொதுவாகக் கிடைக்காது, மனம் இருந்தால் கொடுங்கள், ரசீதை எதிர்பார்க்காதீர்கள். வேலை பார்க்கும் நிறுவனத்திலும் கேட்டுப் பாருங்கள், ஊழியர் கொடுக்கும் தொகைக்குச் சமமாகத் தானும் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு, தன்னார்வப் பணிக்குச் சம்பளத்தோடு விடுப்பு தருபவையும் உண்டு.

பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் வயது வரம்பைக் கேளுங்கள், அடுப்பும் கத்தியும் இருக்கும் இடத்தில் சிறுவர்களை விட மாட்டார்கள், பெட்டி பிரிக்க விடுவார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 40 மணி நேரம் சமூக சேவை கட்டாயம், அதைக் கடைசி வருடம் வரை இழுக்காமல் முதல் வருடத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள், கையெழுத்து வாங்கும் தாளைத் தொலைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கும் இதில் பயன் இருக்கிறது. உள்ளூர் அனுபவம் இல்லை என்று வேலை கிடைக்காமல் அலைபவர்களுக்கு, சில மாதம் ஒழுங்காக வந்துபோன பிறகு ஒருங்கிணைப்பாளர் தரும் பரிந்துரை உண்மையிலேயே உதவும். அதை மனதில் வைத்துச் சேர்ந்தாலும் தப்பே இல்லை.

கடைசியாக, வந்த புதிதில் வேலை கிடைக்காமல், கையிருப்புக் கரைந்து, உங்கள் வீட்டிலேயே சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்றால் வரிசையின் மறுபக்கம் போய் நில்லுங்கள், அந்த இடம் உங்களுக்கும் சேர்த்துத்தான் நடக்கிறது. நம் கௌரவம் போய்விடும் என்று பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள். பிரிட்டனில் விசாவில் அரசு உதவி பெறக் கூடாது என்று எழுதியிருந்தாலும் உணவு வங்கி அதில் சேராது, அது தொண்டு அமைப்பின் உதவி, விசாவைப் பாதிக்காது. அங்கே பல உணவு வங்கிகளை இணைக்கும் டிரஸ்ஸல் அமைப்போடு சேர்ந்த உணவு வங்கி என்றால் பெரும்பாலும் வவுச்சர், அதாவது பரிந்துரைச் சீட்டு, கேட்பார்கள், உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பள்ளியிலோ இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்திலோ நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். முதல் முறை போகும்போது அடையாள அட்டை, முகவரி தெரியும் ஒரு கடிதம், வீட்டில் எத்தனை பேர் என்ற விவரம், கனம் தாங்கும் இரண்டு பைகள் எடுத்துப் போங்கள். வீட்டில் யாருக்காவது அலர்ஜி இருந்தாலோ, அடுப்பு இல்லாத அறையில் இருந்தாலோ பதிவு செய்பவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற பொருளாகப் பார்த்து எடுத்துத் தருவார்கள்.