கரண்ட் பில் சைபர் எண்டா காபனும் சைபரா? சோலர் வீடுகள்ல நடக்கிற பிழைகள்

காத்தான்குடி, கல்முனைப் பக்கம் இப்ப கூரைக்குக் கூரை சோலர் ஏறிட்டு வருது, உண்மையிலயே சந்தோசமான விசயம். ஆனா போட்டவங்களோட கதைச்சா "பில் சைபர், இனி ராத்திரி முழுக்க ஏசி போடலாம்" எண்டுதான் சொல்லுறாங்க. பெரிய பிழை இதுதான்.

பில் சைபர் எண்டா பகல்ல உங்கட கூரை குடுத்ததையும் ராவுல நீங்க எடுத்ததையும் கழிச்சுப் பார்த்தா சரிவருது, அவ்வளவுதான். ராத்திரி ஏசிக்கு வாற கரண்ட் உங்கட கூரையில இருந்து வாறதில்ல, நுரைச்சோலை அனல்மின் நிலையத்துல எரிக்கிற நிலக்கரியும், எண்ணெயும் அதுல கலந்திருக்கு. அம்பாறைப் பக்கம் இங்கினியாகலை அணையில தண்ணியில கரண்ட் எடுக்கிறாங்கதான், ஆனா அது கொஞ்சம், அதுவும் வயலுக்குத் தண்ணி திறக்கிறதோட சேர்ந்து போற விசயம். ஐநாட காலநிலை விஞ்ஞானிகள் குழு (ஐபிசிசி) 2014ல போட்ட கணக்குப்படி நிலக்கரியில ஒரு யூனிட்டுக்கு 820 கிராம் அளவு காபன், கூரை சோலருக்கு பெனல் செய்யிறதையும் சேர்த்தே 41 கிராம்தான். அப்ப எவ்வளவு எடுக்கிறம் எண்டதோட எத்தினை மணிக்கு எடுக்கிறம் எண்டதையும் பார்க்கணும்.

பின்னேரம் 6.30ல இருந்து 10.30 வரைக்கும் நாடே இழுக்குது. மத்தியானம் அதுக்கு மறுபக்கம், லீவு நாள்கள்ல கரண்ட் மிஞ்சிப் போகுது, நிலக்கரி மெசினை நினைச்ச உடனே நிப்பாட்டவும் ஏலாது, அதாலதான் 2025 சித்திரை வருசப் பிறப்பு லீவுக்கு கூரை சோலரைப் பகல் 3 மணி வரைக்கும் ஓஃப் பண்ணச் சொல்லி மின்சார சபை கேட்டது. சுத்தமான கரண்ட் எடுக்க ஆளில்லாமப் போறது எவ்வளவு கவலை!

அதால தண்ணி மோட்டர், உடுப்புத் தோய்க்கிற மெசின், அயன் எல்லாத்தையும் காலம 10க்கும் பகல் 2க்கும் இடையில முடிச்சிடுங்க. பெனல் கரண்டை வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்துற இன்வேர்ட்டரோட வாற ஆப்பை எத்தினை ரூவா வந்திருக்கு எண்டு பார்க்க மட்டும் திறக்காதீங்க, எந்த மணித்தியாலம் எவ்வளவு வெளிய போகுது எண்டு அதுல கோடு போட்டுக் காட்டும், அந்த நேரத்துக்கு வேலையை மாத்துங்க.

அடுத்த பிழை போன் பக்கம். பழைய ஈமெயிலை அழிச்சா பூமி தப்பும் எண்டு வாட்ஸ்அப்புல அனுப்புறாங்க. அரை மணித்தியாலம் வீடியோ பார்த்தா 1.6 கிலோ காபன் எண்டு 2019ல ஒரு கணக்கு பரவிச்சு, சர்வதேச எரிசக்தி முகமை 2020ல பார்த்தா ஒரு மணித்தியாலத்துக்கே 36 கிராம் அளவுதான் வந்தது. ஒரு போனை வருசம் முழுக்க சார்ஜ் பண்ணினாலும் 6, 7 யூனிட்தான், 12,000 பீடியூ ஏசி ஒரு ராவுல அதுக்குக் கிட்ட எடுத்திடும். போன்ட காபன்ல பெரும்பகுதி அதைச் செய்யிற நேரமே வந்து முடிஞ்சிடும், அப்ப நல்லா இருக்கிற போனை மாத்தாம இன்னும் ரெண்டு வருசம் பாவிக்கிறதுதான் பிரயோசனம். அதுக்காக இணையத்துல காபனே இல்ல எண்டும் நினைக்க வேணாம், 2024ல இணையத்தை ஓட்டுற பெரிய கம்பியூட்டர் கூடங்கள் (டேட்டா சென்டர்கள்) மட்டும் உலகக் கரண்டுல 1.5% அளவு எடுத்திருக்கு, ஏஐ வந்த பிறகு கூடிக்கொண்டே போகுது.

பற்றரி போட்டவங்களுக்கு ஒண்டு. கரண்ட் போனா மட்டும் உதவட்டும் எண்டு அதை ஃபுல்லா வெச்சுக்கொண்டு இருக்காதீங்க. கொஞ்சத்தை அவசரத்துக்கு மிச்சம் வெச்சிட்டு மத்ததை பின்னேரம் 6.30ல இருந்து வீட்டுக்கு விடுற மாதிரி செட் பண்ணலாம், போட்டுத் தந்த ஆளிட்டக் கேட்டா செஞ்சு தருவார்.