பழைய நகை கைக்கு வந்தால்: எடை போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய நகை நம் கைக்குப் பல வழியில் வரும். பாட்டி, அம்மா வழியாக வரும், தெரிந்தவர் யாராவது அவசரத்துக்கு விற்பார், இல்லையென்றால் அடகில் மூழ்கியதை ஏலத்தில் எடுப்போம். எப்படி வந்தாலும் சரி, நம்மூர் நகைக்கடைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய நகை என்றால் உருக்கப்போகிற தங்கம், அவ்வளவுதான். கல்லுக்கும் வேலைப்பாட்டுக்கும் அங்கே காசு பெயராது. அதனால் தங்கம் போக அதில் வேறு என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எக்ஸ்சேஞ்ச் கவுண்டர் பக்கம் போனால் போதும்.

முதல் வேலை, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கொக்கி, தோட்டின் சுரை, வளையலின் உட்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். தங்கத்துக்கு ஹால்மார்க் நம் நாட்டில் 2000-ல்தான் வந்தது, ஆகவே அதற்கு முந்தைய நகையில் முத்திரை இல்லாதது குறையே இல்லை. தொடக்க காலத்து ஹால்மார்க்கில் ஆண்டைக் குறிக்க ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும்: ஏ என்றால் 2000, பி என்றால் 2001, இப்படி. 2021-க்குப் பிறகு வந்தவற்றில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சின்னம், 22கே916 (22 காரட், அதாவது 91.6 சதவீதம் தங்கம்), அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி, அதாவது அந்த நகைக்கே உரிய அடையாளக் குறி. இந்த ஆறு இலக்கத்தை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எத்தனை காரட் என்பதோடு அது என்ன நகை என்பதும் வரும். கையில் இருப்பது செயின், செயலி கம்மல் என்கிறதா? அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

கேடிஎம் என்று பொறித்திருப்பதைச் சிலர் பெரிய உத்தரவாதம் மாதிரி காட்டுவார்கள். காட்மியம் கலந்து பற்றவைத்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. அதற்கும் முந்தைய நகைகளில் செம்பும் வெள்ளியும் கலந்த பொடி வைத்துப் பற்றவைத்திருப்பார்கள், பற்று அதிகமுள்ள சங்கிலியை உருக்கினால் மாற்று (தங்கத்தின் தரம்) குறையத்தான் செய்யும். கடையில் இருக்கும் எக்ஸ்ரே மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கிறது, கெட்டியாக முலாம் போட்டிருந்தால் அதுவும் ஏமாறும், எனவே ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு விடாமல் தேய்ந்த இடம், பற்றவைத்த இடம், திருகாணி என்று தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். திருகாணி தொலைந்து வேறு மாற்றில் புதிதாகப் போட்டிருப்பது சர்வ சாதாரணம். பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் கட்டணம் கட்டி நாமே சோதித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

அடுத்தது கணக்கு. இதில்தான் நம்மை உட்கார வைத்துவிடுவார்கள். ஓர் அட்டிகை மொத்தம் 32 கிராம், உள்ளே நிரப்பிய அரக்கும் கல்லும் சேர்த்து 9 கிராம் என்று வையுங்கள். மிச்சம் 23. மெஷின் 88 சதவீதம் தங்கம் என்று காட்டினால் 23-ஐ 88-ஆல் பெருக்கி, 22 காரட்டின் தங்க சதவீதமான 91.6-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 22.1 கிராம் வரும். அன்றைய 22 காரட் விலையை இதற்குத்தான் கேட்க வேண்டும். கல், அரக்கு, மாற்று எல்லாம் கழித்தாகிவிட்டதே, அதற்கு மேல் மொத்தமாகப் பத்து பர்சென்ட் கழிவு எதற்கு என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டாலே குறைப்பவர்கள் உண்டு.

கல் விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. நூறு வருஷத்து நகை, ஆகவே சிவப்புக் கல் கண்டிப்பாக அசல் கெம்பு (மாணிக்கம்) என்று நினைப்பவர்கள் நிறைய. பிரான்ஸில் வெர்னெய் என்பவர் உலையில் மாணிக்கம் செய்யும் முறையை 1902-லேயே வெளியிட்டுவிட்டார், அதன் பிறகு அந்தக் கற்கள் உலகம் முழுக்கப் போயின. லென்ஸில் வளைந்து வளைந்து போகும் கோடுகளும் உருண்டையான காற்றுக்குமிழ்களும் தெரிந்தால் அது உலைக் கல். உள்ளே மயிரிழை போன்ற நேர்கோடுகள், ஒழுங்கில்லாத துகள்கள் இருந்தால் பூமியிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், அப்போது ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

வைரத் தோடு, எட்டுக்கல் பேசரி என்றால் உடனே ப்ளூ ஜாகர் என்ற உசத்தி வைரம் என்று ஆரம்பிப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது, சுரங்கம் எப்போதோ மூடியாகிவிட்டது. புற ஊதா டார்ச்சில் நீலமாக ஒளிர்ந்தால் மட்டும் ஜாகர் ஆகிவிடாது, வேறு பல வைரங்களும் அப்படி ஒளிரும். இந்தப் பெயருக்காகத் தனி விலை கொடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. பழைய முறையில் வெட்டிய வைரத்தை மேலிருந்து பார்த்தால் நடுவில் குட்டியாக ஒரு வட்டம் தெரிவதுண்டு, கீழ் முனையைக் கூராக விடாமல் தட்டையாக வெட்டியதன் அடையாளம் அது. சாய்த்துப் பார்க்கும்போது பின்பக்க விளிம்புகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தால் அது மொய்சனைட், வைரம் போலவே இருக்கும் செயற்கைக் கல். அது நகைக்கு வந்ததே 1990-களின் கடைசியில்தான், எனவே பாட்டி கல்யாணத் தோட்டில் அது இருந்தால் நடுவில் யாரோ கல்லை மாற்றியிருக்கிறார்கள்.

பின்பக்கம் மூடிக் கட்டிய கல் நகைகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கல்லுக்கு அடியில் வைத்த தகடு கறுத்துக் கல் செத்துப்போனது போல ஆகிவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

வெளியாளிடம் வாங்குவதானால் பில், அடகு ரசீது, ஏல ரசீது இப்படி ஏதாவது ஒரு காகிதமும் விற்பவரின் அடையாள அட்டை நகலும் கட்டாயம் வாங்குங்கள், பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். திருட்டு நகை என்று போலீஸ் வந்தால் நகையும் போகும், கொடுத்த பணமும் அம்போ.

வரியும் உண்டு. பரம்பரையாக வந்ததை விற்றால், முன்னவர் வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். மொத்தம் 24 மாதத்துக்கு மேல் என்றால் லாபத்தில் 12.5 சதவீதம். 2001-க்கு முன்பே வாங்கிய நகைக்கு 1.4.2001 அன்றைய சந்தை விலையை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். காசாக வாங்காமல் புது நகையாக மாற்றிக்கொண்டாலும் வருமான வரித் துறைக்கு அது விற்பனைதான்.