ஆயுத டீல் நியூஸ் வந்தா அது ரூல்ஸ்படி தானான்னு நாமளே செக் பண்றது எப்படி

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஏவுகணையோ போர் விமானமோ விக்குதுன்னு செய்தி வந்த உடனே ஒரு கோஷ்டி "இது சர்வதேச சட்டத்துக்கே விரோதம்"னு கத்தும், அந்த நாட்டு அமைச்சர் "எல்லாம் சட்டப்படி தான் நடந்துருக்கு"ன்னு அறிக்கை விட்டுட்டு போயிடுவாரு. யாரு சொல்றது சரின்னு ஓரளவுக்கு நாமளே பாத்துக்கலாம், தேவையானதுல பாதிக்கு மேல நெட்ல ஃப்ரீயாவே கெடக்கு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த மனசுல ஏத்திக்கோங்க. ஆயுத ஏற்றுமதிக்கு பர்மிஷன் குடுக்குற உலக ஆபீஸ்னு ஒண்ணு எங்கயுமே கிடையாது. ஐநா குடுக்குறதில்ல, ஆயுத வர்த்தக ஒப்பந்தத்துக்குன்னு (யாருக்கு ஆயுதம் விக்கலாம், விக்கக்கூடாதுன்னு நாடுங்க சேந்து போட்ட ரூல்ஸ்) ஜெனீவால ஒரு செயலகம் இருக்கு, அதுவும் குடுக்குறதில்ல. லைசன்ஸ்ல கையெழுத்து போடுறது விக்கிற நாட்டோட அரசாங்கம் தான். அதனால நாம தேட வேண்டியது ரெண்டே ரெண்டு: விக்கிற நாடு எந்தெந்த ரூலுக்கு கட்டுப்பட்டிருக்கு, லைசன்ஸ் குடுத்த நேரத்துல அதுக்கு என்னென்ன தெரிஞ்சிருந்துச்சு.

முதல்ல விக்கிற நாடு ஆயுத வர்த்தக ஒப்பந்தத்துல இருக்கான்னு பாருங்க. 2013 ஏப்ரல் 2ல ஐநா பொதுச்சபைல 154 ஓட்டுல நிறைவேறுச்சு, எதிர்த்தது ஈரான், சிரியா, வடகொரியா மூணு மட்டும் தான், ஆனா ஓட்டே போடாம ஒதுங்கின 23 நாட்டுல ரஷ்யா, சீனா, இந்தியான்னு பெரிய தலைங்க இருந்தாங்க. 2014 டிசம்பர் 24ல அமலுக்கு வந்துச்சு. இப்ப 110 நாட்டுக்கு மேல உறுப்பினர். இங்க தான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க, கையெழுத்து போட்டா மட்டும் போதாது, உள்நாட்டுல ஒப்புதல் வாங்கி ஐநால பத்திரத்த குடுத்தா தான் முழுசா கட்டுப்பட்டதா அர்த்தம். அமெரிக்கா 2013ல கையெழுத்து போட்டுச்சு, ஒப்புதல் குடுக்கவே இல்ல, 2019ல "நாங்க உறுப்பினராக போறதில்ல"ன்னு ஐநாவுக்கு லெட்டரே எழுதிருச்சு. ரஷ்யா பக்கத்துலயே வரல. ஓட்டு போடாம இருந்த சீனா 2020ல சேந்துருச்சு. உலகத்துலயே அதிகமா ஆயுதம் விக்கிற அமெரிக்காவே வெளிய நிக்குதுன்னா அப்புறம் எதுக்கு இந்த ஒப்பந்தம்னு கேக்கலாம், நியாயமான கேள்வி தான், ஆனா பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியா எல்லாம் உள்ள இருக்கு, அவங்க விக்கிறது ஒண்ணும் கொஞ்சநஞ்சம் இல்ல.

அடுத்து, விக்கிற பொருள் ஒப்பந்தத்தோட லிஸ்ட்ல வருதா. டேங்கு, கவச வண்டி, பெரிய பீரங்கி, போர் விமானம், தாக்குதல் ஹெலிகாப்டர், போர்க்கப்பல், ஏவுகணையும் அத ஏவுற லாஞ்சரும், கடைசியா துப்பாக்கி மாதிரி சிறு ஆயுதங்கள், இப்படி எட்டு வகை. தோட்டா, குண்டு, உதிரி பாகம் எல்லாம் தனி பிரிவுல வருது, அதுக்கு ரூல்ஸ் கொஞ்சம் லூஸு. கண்ணீர்ப்புகை இந்த எட்டுக்குள்ள வரவே வராது.

அப்புறம் வாங்குற நாட்டு மேல ஐநா பாதுகாப்பு சபை ஆயுதத் தடை போட்டிருக்கான்னு பாருங்க. 2011ல லிபியா, 2015ல ஏமன் ஹூதிகள், 2018ல தெற்கு சூடான், இப்படி. இது ஒப்பந்தத்துல சேராத நாட்டையும் சேத்தே கட்டும். தடை இருந்து, அதுலயே குடுத்திருக்குற விதிவிலக்குலயும் வரலைன்னா மேல யோசிக்கவே வேணாம், வித்தது தப்பு. ஆனா தடை இருக்குறதும் அது வேலை செய்றதும் வேற வேற, லிபியா தடை சுத்தமா பலனே இல்லாம கெடக்குன்னு ஐநா நிபுணர் குழுவே 2021 அறிக்கைல எழுதிருச்சு. அந்த குழு அறிக்கைங்கள தேடி படிங்க, கப்பல் பேரு, விமான நம்பர், ஆயுதத்தோட போட்டோன்னு துப்பறியும் கதை மாதிரி இருக்கும்.

இப்ப தான் மெயின் மேட்டர், ஒப்பந்தத்தோட 6வது, 7வது பிரிவு. 6வது பிரிவு முழுத் தடை. இனப்படுகொலைக்கோ, மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்கோ, பொதுமக்கள குறி வச்சு அடிக்கிறதுக்கோ இந்த ஆயுதம் பயன்படும்னு லைசன்ஸ் குடுக்குற நேரத்துல தெரிஞ்சிருந்தா குடுக்கக்கூடாது, பேச்சே கிடையாது. "எங்களுக்கு தெரியாது"ன்னு அரசாங்கம் சொல்லும், அதனால லைசன்ஸ் தேதிய கண்டுபிடிச்சு அதுக்கு முன்னாடி ஐநா அறிக்கை, செஞ்சிலுவை சங்க அறிக்கை என்ன வெளிவந்துருந்துச்சுன்னு பக்கத்துல வச்சு பாருங்க. 7வது பிரிவு அப்படி இல்ல, எடை போட்டு பாக்க சொல்லுது. போர்ச் சட்ட மீறல், மனித உரிமை மீறல், பயங்கரவாதம் இதுக்கெல்லாம் பயன்படுற ஆபத்து மத்த எல்லாத்தையும் மிஞ்சுற அளவுக்கு இருந்தா தான் மறுக்கணும். அந்த "மிஞ்சுற அளவு" எவ்வளவுன்னு யாரும் வரையறுக்கல, ஒவ்வொரு நாடும் தனக்கு வசதியா அளந்துக்குது. என்னக் கேட்டா மொத்த ஒப்பந்தத்துலயும் பெரிய ஓட்டை இது தான்.

விக்கிறது ஐரோப்பிய யூனியன் நாடா இருந்தா ஆயுத ஏற்றுமதிக்கு அவங்க சேந்து போட்ட ரூலான 2008 பொது நிலைப்பாட்டையும் சேத்து பாருங்க, அதுல எட்டு அளவுகோல் இருக்கு, போர்ச் சட்ட மீறலுக்கு "தெளிவான ஆபத்து" இருந்தாலே மறுக்கணும், அதாவது இன்னும் கொஞ்சம் டைட்டு. இத வச்சு தான் நெதர்லாந்துல கேஸ் போட்டாங்க. எஃப்-35 விமான உதிரி பாகங்கள் அங்க ஒரு கிடங்குல இருந்து இஸ்ரேலுக்கு போயிட்டு இருந்துச்சு, 2024 பிப்ரவரி 12ல ஹேக் மேல்முறையீட்டு கோர்ட் ஏழு நாளுக்குள்ள நிறுத்த சொல்லிருச்சு. 2025 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம், ஆபத்து இருக்கான்னு கோர்ட்டே எடை போட்டு முடிவு பண்ண முடியாது, அது அரசாங்கத்தோட வேலை, ஆனா அரசாங்கம் ஆறு வாரத்துல லைசன்ஸ மறுபரிசீலனை பண்ணணும், அதுவரைக்கும் அனுப்பக்கூடாதுன்னு சொன்னுச்சு. பிரிட்டன்லயும் 2019 ஜூன்ல, சவூதிக்கு லைசன்ஸ் குடுத்தப்ப, ஏமன் போர்ல சவூதி தரப்பு ஏற்கனவே போர்ச் சட்டத்த மீறுச்சான்னு அரசாங்கம் ஒரு முடிவுக்கு வரவே முயற்சி பண்ணல, அது தப்புன்னு கோர்ட் சொன்னுச்சு, ஆனா அடுத்த வருஷமே அதெல்லாம் அங்கங்க தனித்தனியா நடந்ததுன்னு சொல்லி அரசாங்கம் திரும்ப லைசன்ஸ் குடுக்க ஆரம்பிச்சிருச்சு. இந்த மாதிரி தீர்ப்புங்கள படிச்சா எந்த இடத்துல வாதம் நிக்குது, எங்க உடையுதுன்னு நல்லா புரியும்.

எண்ட் யூஸர் சர்டிபிகேட்னு ஒரு பேப்பர் உண்டு, "இந்த ஆயுதம் எங்க உபயோகத்துக்கு தான், வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்"னு வாங்குற நாடு எழுதி குடுக்குறது. அமைச்சருங்க அத காட்டி தான் பேசுவாங்க. அத அப்படியே நம்பிடாதீங்க. 1999 மார்ச்ல உக்ரைன்ல இருந்து 68 டன் ஆயுதம் புர்கினா ஃபாசோ தலைநகர் ஊகடூகுல இறங்குச்சு, பேப்பர் எல்லாம் பக்கா, வாங்குறது புர்கினா ஃபாசோன்னு எழுதியிருந்துச்சு. ஆனா சரக்கு அங்க தங்கவே இல்ல, ஐநா தடை இருந்த லைபீரியாவுக்கு பெரும்பாலும் ஒரு ஜெட்ல ட்ரிப் ட்ரிப்பா போயிருச்சு. அதனால பேப்பர்ல என்ன இருக்குன்றதோட நிக்காம சரக்கு போய் சேந்ததுக்கு அப்புறம் யாராவது போய் சரிபாத்தாங்களான்னு கேளுங்க, நெறைய நாட்டுல அந்த பழக்கமே இல்ல.

டேட்டா எங்க தேடுறது? ஸ்டாக்ஹோம்ல இருக்குற சிப்ரி நிறுவனத்தோட ஆயுதப் பரிமாற்ற டேட்டாபேஸ் ஃப்ரீ, 1950ல இருந்து பெரிய ஆயுதங்களுக்கு கணக்கு இருக்கு, துப்பாக்கி வராது. அதுல வர டிஐவி நம்பர டாலர்னு நெனச்சு எழுதிடாதீங்க, அது ஆயுதத்தோட ராணுவ திறன அளக்குற யூனிட்டு, டீலோட விலைய அது சொல்லாது. பத்திரிகைலயே இந்த தப்பு வருது. இன்னொண்ணு ஐநா மரபுவழி ஆயுதப் பதிவேடு, 1991 தீர்மானத்துல ஆரம்பிச்சது, விருப்பப்பட்ட நாடு கணக்கு குடுக்கும். ஒப்பந்த உறுப்பினர்ங்க ஒவ்வொரு வருஷமும் மே 31க்குள்ள முந்தின வருஷ ஏற்றுமதி இறக்குமதி கணக்க ஜெனீவா செயலகத்துக்கு குடுத்தே ஆகணும், ஆனா "வெளிய காட்டாதீங்க"ன்னு சொல்லவும் அவங்களுக்கு வழி இருக்கு, தேச பாதுகாப்புன்னு சொல்லி சில விவரத்த விட்டுடவும் செய்யலாம்.

இதுல ஒரு ட்ரிக் இருக்கு, வித்த நாட்டோட அறிக்கையையும் வாங்கின நாட்டோட அறிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒருத்தர் 40 அனுப்பினேன்னும் இன்னொருத்தர் 25 வந்துச்சுன்னும் எழுதியிருந்தா உடனே கடத்தல்னு போஸ்ட் போட்டுடாதீங்க, பாதி நேரம் ஒருத்தர் லைசன்ஸ் குடுத்த எண்ணிக்கைய எழுதியிருப்பாரு, இன்னொருத்தர் உண்மைல வந்து இறங்கினத எழுதியிருப்பாரு. எந்த கணக்குன்னு ஃபார்ம்லயே டிக் பண்ணியிருப்பாங்க, அத பாத்துட்டு அப்புறம் சண்டைக்கு போங்க.