மங்கிப்போன பழைய கார்: பெயின்ட்டைக் கரைக்காமல் மெருகேற்றும் முறை

கம்பெனியில் அடித்த பெயின்ட், பிரைமரையும் சேர்த்து மொத்தம் 100 முதல் 130 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன் அவ்வளவுதான். அதிலும் நாம் கை வைக்கக்கூடிய மேல் அடுக்கு 35 முதல் 50 மைக்ரான். ரப்பிங் போடும்போது மேலே எதுவும் சேர்வதில்லை, மேலிருந்து வழித்தெடுக்கிறோம். கம்பளி பேடு மாட்டிய ரோட்டரி மெஷினும் கரடான காம்பவுண்டும் (தேய்க்கும் பேஸ்ட்) சேர்ந்தால் ஒரே தடவையில் 3, 4 மைக்ரான் போய்விடும். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முன் ரப்பிங் போட்ட கார்களில் பானட் ஓரத்திலும் கதவு மடிப்பிலும் பிரைமர் எட்டிப் பார்ப்பது இதனால்தான். எவ்வளவு குறைவாகத் தேய்த்து வேலையை முடிக்கலாம் என்பதுதான் கீழே சொல்லும் முறை முழுவதற்கும் கணக்கு.

முதலில், மேலே இருப்பது என்ன பெயின்ட்?

அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 போன்ற வண்டிகளில் வெள்ளை, சிவப்பு, நீலம் முதலான சாதா நிறங்கள் பெரும்பாலும் சிங்கிள் ஸ்டேஜ்: நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருக்கும். மெட்டாலிக் நிறங்களில் பொதுவாக நிறத்துக்கு மேல் தனியாக ஒரு கிளியர் கோட் உண்டு. ஊகித்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டாம். கதவின் கீழ்ப்பகுதியில் ஓர் இடத்தில் கொஞ்சம் பாலிஷை வைத்து, துணியால் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் சிங்கிள் ஸ்டேஜ். வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணி எடுக்க வேண்டும். வெள்ளைத் துணியில் தேய்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று முடிவு செய்பவர்கள் ஏராளம்.

சிங்கிள் ஸ்டேஜ் மங்குவதற்குக் காரணம், வெயிலின் புறஊதாக் கதிர் பெயின்ட்டில் உள்ள ரெசினைச் சிதைப்பது. பிடிமானம் போனதும் நிறத்தூள் தனியாகப் பிரிந்து, தொட்டால் கையில் சுண்ணாம்பு போல ஒட்டும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது நல்ல செய்தி. செத்த மேல்தோலை எடுத்தால் அடியில் நிறம் அப்படியே இருக்கும்.

கிளியர் கோட் விஷயம் வேறு. அது வெறுமனே மங்கியோ, சிலந்தி வலை மாதிரி நுண்கீறல் விழுந்தோ இருந்தால் பாலிஷ் கைகொடுக்கும். டாப்பிலும் பானட்டிலும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக உரிய ஆரம்பித்துவிட்டால் எந்தப் பாலிஷும், எந்த செராமிக் கோட்டிங்கும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. அந்தப் பேனலைத் திரும்பப் பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. உரிந்த ஓரத்தில் மெஷின் வைத்தால் உரிவது இன்னும் பரவும்.

மூன்றாவது வகை, இடையில் பட்டறையில் அடித்த பெயின்ட். பழைய கார்களில் இது இல்லாத வண்டி அபூர்வம். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் போன்ற மறைவான இடத்தில், தின்னர் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். நிறம் இளகி வந்தால் அது என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். அசையாமல் இருந்தால் பியூ (பாலியூரித்தேன்) அல்லது கம்பெனி பெயின்ட். மூடியை விட்டுவிட்டுப் பேனலை மட்டும் அடித்திருக்கவும் வாய்ப்புண்டு என்பதால், சந்தேகமான பேனலின் உள்மடிப்பிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். என்சி பெயின்ட் மென்மையானது, சூட்டுக்கு இளகும். அதைக் கையால் மட்டுமே பாலிஷ் செய்ய வேண்டும். பெயின்ட் தடிமன் காட்டும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் அநேகமாக மறுபெயின்ட். 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டர் இல்லாதவர்கள் மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தை நகர்த்திப் பார்க்கலாம். கனமான பட்டி உள்ள இடத்தில் அது பிடிக்காமல் நழுவும்.

துரு இருந்தால் பாலிஷைத் தள்ளிப் போடுங்கள்

கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, டிக்கி ரப்பர் பீடிங்கின் கீழ், முன்கண்ணாடி ஓரம்: இந்த நான்கு இடங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். கடற்கரை ஊர் வண்டிகளில் உப்புக்காற்று இந்த இடங்களைத்தான் முதலில் பிடிக்கும். கொப்புளம் தட்டுப்பட்டால் அடியில் துரு ஓடியிருக்கிறது. அதன்மேல் மெஷின் வைத்தால் கொப்புளம் உடையும், தண்ணீர் நேராக உள்ளே போகும். 80-ம் நம்பர் எமரி பேப்பரால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, குழிகளில் மிஞ்சும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவுங்கள். அது கறுத்துக் காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர், பிறகு டச்சப் பெயின்ட். டச்சப் வாங்குமுன் வண்டியின் தகட்டில் உள்ள கலர் கோடைப் பாருங்கள். வெறும் “வெள்ளை” என்று கேட்டு வாங்கினால் நிச்சயம் ஒத்துப்போகாது.

கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் சிறு ஓட்டைகள் உண்டு. பழைய கார்களில் அவை மண்ணால் அடைபட்டிருக்கும். ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையால் குத்திவிட்டாலே கதவின் ஆயுள் கூடும்.

கழுவுவதும் களிமண்ணும்

பானட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில், நிழலில் கழுவ வேண்டும். 10 லிட்டர் பக்கெட் இரண்டு எடுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு 20 மி.லி. அளவு, மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணை இறக்கிய பிறகுதான் கழுவும் கையுறை வண்டியின் உடலைத் தொட வேண்டும். மேலிருந்து கீழாக, நேர்க்கோட்டில் கழுவி, ஒவ்வொரு பேனலுக்கும் பிறகு வெறும் தண்ணீரில் அலசிவிட்டு ஷாம்புவில் தோய்க்கவும். துணி சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம். பழைய மெழுகை முழுதாக இறக்க, பாலிஷுக்கு முந்தைய கழுவலில் மட்டும் பாத்திரம் கழுவும் லிக்விட் பயன்படுத்தலாம்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டும் வேறு தண்ணீர் பார்க்க வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. இரண்டு நாள் பிடித்து வைத்தால் சிறிய கார் ஒன்றுக்குத் தேவையான 8, 10 லிட்டர் சேர்ந்துவிடும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைக் கொண்டு அலசாதீர்கள். போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம்.

ஏற்கனவே படிந்த வெள்ளை வட்டங்களுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து இரண்டு நிமிடம் போர்த்தி வைத்து, நன்றாக அலசுங்கள். அதற்கும் போகாத வட்டம் பெயின்ட்டையே அரித்திருக்கிறது. அது பாலிஷ் வேலை. தார்ப்புள்ளிக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி போதும், துடைத்த உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும்.

காய்ந்த பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை விரல்களில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். அதை எடுப்பதற்குத்தான் டீடெய்லிங் களிமண், அதாவது கிளே பார். மென்மையான ரகம் வாங்குங்கள். 50 கிராமைத் தட்டையாக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. ஷாம்பு கலந்து தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் ஓட்டவும். சத்தம் நின்று வழுக்க ஆரம்பித்தால் அந்த இடம் முடிந்தது. கீழே விழுந்த களிமண்ணை யோசிக்காமல் தூக்கி எறியுங்கள். ஒட்டிய மணல் ஒவ்வொன்றும் ஒரு கோடு போடும். பெயின்ட் சுண்ணாம்பாக உதிரும் நிலையில் இருந்தால் களிமண் நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். அங்கே இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

பாலிஷ்

மிகவும் வறண்ட சிங்கிள் ஸ்டேஜ் பெயின்ட்டுக்கு, அதிலும் சிவப்புக்கு, தேய்ப்பதற்கு முன் எண்ணெய்ப் பசை ஊட்டினால் பாதி வேலை குறையும். தேய்க்கும் துகள் இல்லாத கிளேஸ் வகைப் பாலிஷ் இதற்கு ஏற்றது. மெகுயர்ஸ் நம்பர் 7 இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. டர்க்கி டவல் துணியால் கனமாகத் தடவி, அழுத்தித் தேய்த்து, ஓர் இரவு விட்டு, காலையில் துடைக்கவும். துணி நிறமாவதைக் கண்டு பயப்பட வேண்டாம். வருவது செத்த பெயின்ட்தான்.

மெஷின் வாங்குவதானால் டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் வாங்குங்கள், ரோட்டரி வேண்டாம். ரோட்டரி ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்கும். பழகாத கையில் இரண்டு விநாடியில் ஓரம் வெந்துவிடும். டிஏ சுற்றிக்கொண்டே அலைவதால் அந்த ஆபத்து குறைவு. பேடு மாட்டும் 5 அங்குல பேக்கிங் பிளேட், ஃபோம் பேடு குறைந்தது ஐந்து, நைஸ் பாலிஷ் 250 மி.லி. ஒரு பாட்டில், அதைவிட ஒருபடி கரடான காம்பவுண்டு சிறிய பாட்டில் இருந்தால் ஒரு மாருதி 800-க்குத் தாராளம்.

பேனல் விளிம்பு, உடலின் மடிப்புக் கோடு, ரப்பர் பீடிங், எழுத்து பேட்ஜ், கறுப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வளைவிலும் விளிம்பிலும் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். கறுப்பு பிளாஸ்டிக்கில் காய்ந்த வெள்ளைப் பாலிஷைப் பிறகு டூத் பிரஷால் நோண்டி எடுப்பது தனித் தண்டனை.

பானட்டில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றைக் குறித்துக்கொண்டு, இருப்பதிலேயே நைஸ் பாலிஷ், மென்மையான பேடு இரண்டையும் வைத்துச் சோதியுங்கள். பேடில் நான்கைந்து துளி. மெஷினை உடலில் வைத்த பிறகே ஆன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷ் சுவர்வரை தெறிக்கும். ஸ்பீடு 1-ல் பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏற்றி, விநாடிக்கு ஓர் அங்குலம் வேகத்தில் நகர்த்துங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். குறுக்காகவும் நெடுக்காகவும் சேர்த்து நான்கு முதல் ஆறு சுற்று. பேடு தட்டையாக இருக்க வேண்டும். சாய்த்தால் சுழற்சி நிற்கும், வேலை நடக்காது. பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் சுற்றுகிறதா என்று தெரியும்.

துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். 70, 80 சதவீதம் சரியாகியிருந்தால் அந்தக் கூட்டணியிலேயே முழு வண்டியையும் முடியுங்கள். போதவில்லை என்றால் முதலில் பேடை மட்டும் ஒருபடி கரடாக்குங்கள், அதற்கும் பிறகுதான் காம்பவுண்டு. தினமும் ஓடும் பழைய காரில் நூறு சதவீதத்தைத் துரத்துவதற்கு அர்த்தமில்லை. மிச்சக் கீறலை எடுக்கச் செலவாகும் பெயின்ட்டுக்கு ஈடு கிடையாது.

தூளாகப் பறந்தால் பாலிஷ் காய்ந்துவிட்டது: பேனல் சூடு, அல்லது ஒரே இடத்தில் நேரம் அதிகம். துடைத்த பிறகு புகை மூடியது போலத் தெரிந்தால் பேடு கரடு. நைஸ் பாலிஷும் மென்பேடும் கொண்டு ஒரு சுற்று முடிக்க வேண்டும். ஆரம்பத்தில் நன்றாக வேலை செய்துவிட்டு மூன்றாவது பேனலில் பலன் குறைந்தால் பேடு அடைத்திருக்கிறது. சிங்கிள் ஸ்டேஜில் இது சீக்கிரம் நடக்கும். ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு நைலான் பிரஷால் பேடைச் சுத்தம் செய்து, இரண்டு பேனலுக்கு ஒருமுறை பேடு மாற்றுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் ஸ்பீடு 3-க்கு மேல் போகாதீர்கள். சூடு பரவ வழியில்லாமல் அங்கேயே தங்கும்.

நகத்தை ஓட்டும்போது சிக்குகிற கீறலைத் தேய்த்து எடுக்க முயல வேண்டாம். 2000 நம்பர் வாட்டர் பேப்பரைப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கீறலைத் தரைமட்டமாக்கும் வித்தை உண்டு என்றாலும், கம்பெனி பெயின்ட்டில் அது மொத்த மேலடுக்கையும் தின்றுவிடலாம். டச்சப் பெயின்ட்டைத் தீக்குச்சி நுனியால் வைத்து விட்டுவிடுங்கள்.

மேலே என்ன பூசுவது?

பாலிஷின் எண்ணெய் இருந்தால் சீலன்ட், அதாவது மேலே பூசும் காப்புப் பூச்சு, பிடிக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கும் தண்ணீர் மூன்று பங்கும் கலந்து தெளித்துத் துடைக்கவும். என்சி பெயின்ட்டில் ஆல்கஹால் படக்கூடாது; ஷாம்பு போட்டுக் கழுவினால் போதும், அதன்மேல் மெழுகு பூசலாம்.

கார்னோபா மெழுகு பழைய சிவப்பு, கறுப்பு வண்டிகளுக்குத் தருகிற ஆழம் அழகுதான். ஆனால் நம் வெயிலில் நிற்கும் வண்டியில் ஒன்றிரண்டு மாதத்தைத் தாண்டாது. சிந்தெட்டிக் சீலன்ட் மூன்று முதல் ஆறு மாதம் வரும். வெளியில் நிற்கும் பழைய காருக்கு எங்கள் தேர்வு இதுதான். 30, 40 மி.லி. போதும். மெல்லிசாகப் பூசுங்கள், கனமாகப் பூசினால் துடைக்கும் சிரமம் மட்டுமே கூடும். செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு வருடம் நிற்கும். கல்லடியையும் சாவிக் கீறலையும் அது தடுக்காது, உப்புநீர் வட்டம் அதன்மேலும் விழும். மங்கிய பெயின்ட்டின் மேல் பூசினால் மங்கலையே பூட்டிவைத்தது போலாகும்.

தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் விரிந்து படிய ஆரம்பித்தால் அடுத்த கோட்டுக்கு நேரம் வந்துவிட்டது. அதற்கு முன் ரப்பிங் தேவையில்லை. கழுவிக் காயவைத்து நேராகப் பூசலாம்.

அடுக்குமாடி வீடுகளில் தினமும் காலையில் ஒரே பக்கெட், ஒரே துணியால் பத்து வண்டி துடைக்கும் வழக்கம்தான் மெருகுக்கு முதல் எதிரி. தூசி படிந்த வண்டியைக் கழுவும்வரை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும். மண்ணெண்ணெய், டீசல் கலந்து உடல் முழுக்கத் துடைத்துத் தரும் பளபளப்பு இரண்டு நாளில் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ரப்பர் பீடிங்கையும் உப்ப வைக்கும்.

பறவை எச்சத்தை வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். ஈரத் துணியை மூன்று நிமிடம் போட்டு ஊறவிட்டு அப்படியே தூக்குங்கள், தேய்க்காதீர்கள். பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமமும் அன்று மாலையே கழுவப்பட வேண்டும். மஞ்சள் கறை வெயிலில் தானே வெளுத்துவிடும். குங்குமத்தின் சாயம் வெள்ளை சிங்கிள் ஸ்டேஜில் இறங்கினால் பாலிஷால்தான் போகும். பொட்டு வைக்கிற இடத்தில் முந்தின நாளே ஒரு கை மெழுகு பூசிவைத்தால் சாயம் இறங்காது.

கவர் போடுவதானால் காற்று புகும் துணிக் கவரை, கழுவிய வண்டியின் மேல், கீழே கயிறு கட்டிப் போடுங்கள். தூசி மேல் போட்ட தளர்ந்த கவர் காற்றில் ஆடி ஆடி டாப் முழுவதையும் வாட்டர் பேப்பர் போட்டது போல ஆக்கிவிடும். மழைக்காலத்தில் ரெக்ஸின், பிளாஸ்டிக் கவர்கள் ஈரத்தை உள்ளே அடைத்துக் கொப்புளம் கிளப்பும். ஐப்பசி, கார்த்திகையில் கவரே இல்லாமல் நனைய விடுவது மேல்.