இருமலுக்கு அன்னாசிப்பழம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்னாசிச் சாற்றில் தேனும் சிட்டிகை மிளகுத்தூளும் கலந்து குடிப்பது, அந்தப் பழம் விளையும் நாடுகள் பலவற்றில் இருமலுக்கான கைவைத்தியமாக வழங்கி வருகிறது. தொண்டைக்கு அது இதமளிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இதத்தை நோய் தீர்ந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

இந்த நம்பிக்கைக்கு இன்று ஆதாரமாகக் காட்டப்படுவது புரோமலைன். புரதங்களைச் சிதைக்கும் நொதிகளின் கலவையான இதை, 1891-இல் வெனிசுவேலாவின் வேதியியலாளர் விசென்டே மார்கானோ அன்னாசிச் சாற்றில் கண்டறிந்தார். ஆய்வுக்கூடங்களில் இது வீக்கத்தைத் தணிப்பதாகத் தெரிகிறது என்பது உண்மையே. எனினும், அத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுவது செடியின் தண்டிலிருந்து செறிவாகப் பிரித்தெடுத்த புரோமலைன். அதில் கிடைத்த முடிவை ஒரு தம்ளர் சாற்றுக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. பழச்சாறு இருமலைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகளிலிருந்து உறுதியான சான்று இல்லை. இந்தக் கலவையில் ஓரளவு சான்றுள்ள பொருள் தேன்தான். குழந்தைகளின் இரவு நேர இருமலை அது சற்றுத் தணிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

சாற்றை அடுப்பில் கொதிக்க வைத்துவிட்டு, நொதியின் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் பரவலாக நடக்கிறது. கொதிநிலையில் புரோமலைன் செயலிழந்துவிடும். பச்சை அன்னாசித் துண்டுகளைப் போட்டால் ஜெலட்டின் ஜெல்லி உறையாமல் நீர்த்தே கிடப்பதையும், வேகவைத்த துண்டுகளைப் போட்டால் நன்றாக உறைவதையும் சமையலறையிலேயே பார்க்கலாம்; முன்னதில் நொதி ஜெலட்டின் புரதத்தை அறுத்துவிடுகிறது, பின்னதில் அந்த வேலையைச் செய்ய நொதி உயிர்ப்புடன் இல்லை. டப்பாவில் அடைத்த பழமும் சூடுபடுத்தப்பட்டதே என்பதால் அதற்கும் இதே நிலைதான். வெதுவெதுப்பான சாறு தொண்டைக்கு நன்றாக இருக்கிறது என்றால் தாராளமாகக் குடிக்கலாம். அந்தச் சுகம் வெதுவெதுப்பிலிருந்து வருகிறது, நொதியிலிருந்து அல்ல.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த சாற்றைப் புகட்டுவது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அந்த வயதுக் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சுவதால் அந்த வித்துகள் அழிவதில்லை. ஆகவே, ஒரு துளிதானே என்று நாக்கில் தடவுவதும் கூடாது.

இருமலின் காரணத்தைப் பார்க்காமல் சாறு கொடுப்பதும் சிக்கலைக் கூட்டும். உணவுக்குப் பின்னரோ படுத்தவுடனோ நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் சேர்ந்து வரும் இருமல், இரைப்பை அமிலம் மேலேறுவதால் வருவதாக இருக்கலாம். அமிலம் மிகுந்த அன்னாசி அதை மோசமாக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்கள் சாற்றிலுள்ள சர்க்கரையையும், அதனுடன் சேரும் தேனையும் கணக்கில் கொள்ள வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவர்கள், தினமும் அதிக அளவில் சாறு குடிக்கவோ புரோமலைன் மாத்திரை எடுக்கவோ தொடங்குமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம். பழம் தின்றதும் நாக்கு லேசாக எரிவது பலருக்கும் இயல்பு. உதடு வீங்கினாலோ, உடலில் தடிப்பு தோன்றினாலோ, மூச்சு இறுகினாலோ அது ஒவ்வாமை, உடனே சிகிச்சை தேவை.

சாதாரணச் சளி இருமல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அப்படி அடங்கும் நாளில் கையிலிருந்த சாறு பெயரைத் தட்டிச் செல்வதால்தான், அடுத்த முறை அதை நம்பி நாட்களைக் கடத்துகிறார்கள். காசநோய் பரவலாக உள்ள நாடுகளில், இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சளியில் இரத்தம், மூச்சுத் திணறல், விடாத காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கலாகாது.