யார் ஜெயித்த டிரேடு? என்பிஏ பொது மேலாளர்களை எடைபோடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008 பிப்ரவரி முதல் தேதி, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், வீரர்களை மாற்றிக்கொள்ளும் ‘டிரேடு’ ஒன்றில் மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அணி தன் நட்சத்திரம் பாவ் கசோலை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்த பட்டியலைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். க்வாமே பிரவுன், ஜவாரிஸ் கிரிட்டன்டன், ஆரன் மெக்கீ, இரண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமைகள் (ஆண்டுதோறும் அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி எடுக்கும் ‘டிராஃப்ட்’ நிகழ்வில் முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை), கூடவே ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்த கசோலின் தம்பி மார்க்கை ஒப்பந்தம் செய்யும் உரிமை. அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார் என்று மெம்பிஸின் பொது மேலாளர் கிரிஸ் வாலஸை ஏசாதவர் குறைவு. லேக்கர்ஸ் 2009, 2010 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பைகளை வென்றதும் தீர்ப்பு உறுதியாகிவிட்டது. பிறகு அந்தத் தம்பி வந்தார். 2007 டிராஃப்டில் 48ஆவதாகப் போன மார்க் கசோல் 2013இல் லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பெற்றார். அதே ஆண்டு மெம்பிஸ் முதன்முறையாக மேற்குப் பிரிவின் இறுதி வரை போனது.

உடனே வாலஸ் தீர்க்கதரிசி என்று எழுதியவர்களும் உண்டு. முதல் நாள் ஏசியவர்களும் ஐந்து ஆண்டு கழித்துப் புகழ்ந்தவர்களும் ஒரே தவறைத்தான் செய்தார்கள்: வீரர்கள் எப்படி ஆனார்கள் என்று பார்த்து மேலாளருக்கு மதிப்பெண் போட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் கசோலுக்கு வேறு எந்த அணியாவது கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்ததா, வாலஸ் கேட்டுப் பார்த்தாரா என்பதுதான் முதலில் எழ வேண்டிய கேள்வி. ஒரு மேலாளரின் வேலை, அன்று கிடைக்கும் வழிகளுள் ஒன்றைத் தேர்ந்து அதற்குரிய விலையைக் கொடுப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடப்பவை.

பெயர்ப் பட்டியலை மட்டும் படிப்பது

அந்தப் பட்டியலில் இருந்த ஆரன் மெக்கீ அப்போது எந்த அணிக்கும் ஆடிக்கொண்டிருக்கவில்லை. சம்பளக் கணக்கு சரியாக வர வேண்டும் என்பதற்காகவே லேக்கர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து அனுப்பியது. ஓர் அணி வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் ஊதிய வரம்பைத் தாண்டிய அணிகள் ஒரு வீரரை வாங்கும்போது ஏறக்குறைய அதே அளவு சம்பளத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது லீக்கின் விதி. க்வாமே பிரவுன் வந்ததும் அதற்குத்தான். அவருடைய ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடியப் போகிறது, முடிந்ததும் மெம்பிஸுக்குப் பணம் மிச்சம். அவர் நன்றாக ஆடுவார் என்று யாரும் வாங்கவில்லை. ஆகவே ‘கசோலுக்கு க்வாமேயா’ என்ற கேலி குறி தவறியது. ஒரு டிரேடைப் படிக்கும்போது வந்தவர்களுள் யார் சரக்கு, யார் வெறும் கணக்குச் சீட்டு என்று பிரித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

முடிவையும் விளைவையும் குழப்புவது

தவறுகளிலேயே பெரியது இது. பெரும்பாலும் எல்லாரும் செய்வதும் இதுதான்.

2018 கோடையில் டொரான்டோ ராப்டர்ஸின் தலைவர் மசாய் உஜிரி, ரசிகர்களின் செல்லப்பிள்ளை டிமார் டிரோசனை சான் அன்டோனியோவுக்கு அனுப்பி காவாய் லெனார்டை வாங்கினார். டேனி கிரீனும் வந்தார். யாக்கப் போல்டலும் ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையும் கூடப் போயின. லெனார்டின் ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மிச்சம். அடுத்த வசந்தத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான, வென்றால்தான் அடுத்த சுற்று என்ற ஏழாவது ஆட்டம் 90-90 என்று நிற்க, கடைசி நொடியில் லெனார்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்தது. டொரான்டோ அந்தச் சுற்றைக் கடந்து, பிறகு கோப்பையையும் வென்றது. லெனார்ட் அந்தக் கோடையிலேயே போய்விட்டார்.

அந்தப் பந்து நான்காவது குதிப்பில் வெளியே போயிருந்தால்? ஒரே ஆண்டுக்காக அணியின் முகத்தையே விற்றவர் என்று உஜிரியைத் தூற்றியிருப்போம். அவர் எடுத்த முடிவோ இரண்டு நிலையிலும் ஒன்றுதான். நான் அதை நல்ல முடிவு என்பேன்; காரணம் கோப்பை அல்ல. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் அதே டிரோசன் அணி கிளீவ்லாண்டிடம் தோற்று வெளியேறியிருந்தது. அந்த அணியின் உச்சம் எதுவென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. லெனார்டோ உடல் தேறினால் லீக்கின் தலைசிறந்த ஓரிருவருள் ஒருவர். முந்தைய பருவத்தில் ஒன்பது ஆட்டங்களே ஆடியவர் என்பதால்தான் இந்த விலைக்குக் கிடைத்தார். இவ்வளவும் டிரேடு நடந்த அன்றே தெரிந்திருந்தவை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் டல்லஸ். 2025 பிப்ரவரியில் மேவரிக்ஸின் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன், 25 வயது லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு அந்தோணி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்று ஆகியவற்றை வாங்கினார். டான்சிச்சின் உடல்தகுதியைப் பற்றி அணிக்குள் இருந்த கவலை நியாயமானதா என்பதை விட்டுவிடுவோம். விற்றே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், இத்தகைய வீரரை விற்பவர் சந்தையைத் திறந்து மற்ற அணிகளையும் ஏலம் கேட்க விட வேண்டாமா? பேச்சை ரகசியமாக வைத்து ஒரே அணியோடு முடித்ததுதான் குற்றம். அந்தக் குற்றம் அன்று இரவே தெரிந்தது. டேவிஸின் காயங்கள் வந்து நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, டிராஃப்டில் முதலில் எடுப்பது யார் என்று தீர்மானிக்கும், 1.8 விழுக்காடே வாய்ப்பிருந்த லாட்டரி குலுக்கலில் டல்லஸுக்கு முதல் இடம் விழுந்தது. இளம் நட்சத்திரம் கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். பார்த்தீர்களா, எல்லாம் நன்மைக்கே என்று சிலர் அப்போது சொல்ல ஆரம்பித்தார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைக் காக்கையின் திறமைக் கணக்கில் எழுதலாமா? அணி நிர்வாகமும் எழுதவில்லை; நவம்பரில் ஹாரிசனின் பதவி போயிற்று.

டாலரை டாலராகவே பார்ப்பது

2016 கோடையில் லேக்கர்ஸ், டிமோஃபெய் மோஸ்கோவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 64 மில்லியன் டாலர் கொடுத்தது. இன்றுவரை மிக மோசமான ஒப்பந்தங்களின் பட்டியல் எதிலும் இது இடம்பெறும். கோல்டன் ஸ்டேட் 2012இல் ஸ்டீஃபன் கரியோடு செய்த நான்கு ஆண்டு, 44 மில்லியன் டாலர் நீட்டிப்போ மிகச் சிறந்தவற்றின் பட்டியலில் இருக்கிறது.

இரண்டையும் அந்தந்தக் காலத்து ஊதிய வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய தொலைக்காட்சிப் பணம் வந்ததால் 2016இல் வரம்பு 70 மில்லியனிலிருந்து ஒரே தாவலில் 94 மில்லியனானது. மோஸ்கோவின் ஆண்டுச் சராசரி அதில் 17 விழுக்காடு. கரியின் புதிய ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோது வரம்பு ஏறக்குறைய 58.7 மில்லியன்; அவருடைய சராசரி அதில் 19 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக, வரம்பில் ஒதுக்கிய பங்கை வைத்துப் பார்த்தால் கரிக்குத்தான் கொஞ்சம் கூடுதல்.

வேறுபாடு எதை நம்பிப் பணம் போட்டார்கள் என்பதில் இருக்கிறது. கரிக்கு அப்போது 24 வயது. கணுக்கால் காயத்தால் முந்தைய பருவத்தில் 26 ஆட்டங்களே ஆடியிருந்தார். அந்தப் பயம்தான் விலையைக் குறைத்தது, வளர்ச்சிக்கோ நிறைய இடமிருந்தது. மோஸ்கோவுக்கு 30 வயது ஆகப் போகிறது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின், சாம்பியனான கிளீவ்லாண்டில்கூட ஆடும் நேரத்தை இழந்திருந்தார். அதே ஆண்டு எல்லா அணிகளின் கையிலும் காசு புரண்டது உண்மைதான். ஆனாலும் முப்பதில் சரியும் ஒருவருக்கு நான்கு ஆண்டு எதற்கு?

மோஸ்கோவின் உண்மை விலை அந்த 64 மில்லியனும் அல்ல. ஓராண்டு கழித்து அவரை புரூக்ளின் தலையில் கட்டுவதற்காக, 2015இன் இரண்டாவது தேர்வான டி’ஆஞ்செலோ ரஸ்ஸலையும் லேக்கர்ஸ் சேர்த்துக் கொடுத்தது. ரஸ்ஸல் 2019இல் ஆல்-ஸ்டார் (லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வான வீரர்) ஆனார். பதிலுக்கு வந்தவர் புரூக் லோபஸ், கூடவே 27ஆவது தேர்வு. அதில் கைல் குஸ்மா வந்தார். ஒப்பந்தம் போட்ட நிர்வாகம் அதற்குள் வெளியேறிவிட்டது; விற்றவர்கள் அடுத்து வந்த மேஜிக் ஜான்சனும் ராப் பெலிங்காவும். இந்த நட்டத்தை யார் பெயரில் எழுதுவது? ரஸ்ஸலை இழந்ததைப் புதியவர்கள் கணக்கில் மட்டும் எழுதுபவர்கள், அந்தக் கடனை வாங்கியவர்களை மறந்துவிடுகிறார்கள். கரியின் கணக்கிலும் இதே சிக்கல்தான். நீட்டிப்பைப் போட்டவர் பாப் மயர்ஸ். 2009 டிராஃப்டில் கரியைத் தேர்ந்தெடுத்த காலத்தில் பொது மேலாளராக இருந்தவர் லாரி ரைலி. அவர் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

முதலாளியை மறப்பது

2011 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸின் பொது மேலாளர் டெல் டெம்ப்ஸ், கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்கு அனுப்பும் மும்முனை டிரேடை முடித்துவைத்தார். அணி அப்போது லீக்கின் உடைமையாக இருந்ததால் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் அதை ரத்து செய்தார். டெம்ப்ஸின் சாதனைப் பட்டியலில் அது இல்லவே இல்லை. இவ்வளவு வெளிப்படையாக நடப்பது அபூர்வம். ஆனால் சிறிய அளவில் இது எல்லா அணிகளிலும் நடக்கிறது. 2012இல் ஓக்லஹோமா சிட்டி ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு விட்டதற்கு அணியின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டியைத் திட்டுகிறோம். ஹார்டன் கேட்டதற்கும் அணி கொடுக்க முன்வந்ததற்கும் இடையே சில மில்லியன்களே வித்தியாசம். அதற்குப் பின்னால் ஆடம்பர வரி, அதாவது சம்பளச் செலவு மிக அதிகமானால் அணி லீக்குக்குக் கட்ட வேண்டிய தொகை, நின்றது. வரி கட்டுவதா வேண்டாமா என்பது முதலாளி தீர்மானிப்பது. இதைச் சொல்லி பிரெஸ்டியை முழுக்க விடுவிக்கவும் முடியாது. உடனே விற்காமல் இன்னும் ஒரு பருவம் ஆட விட்டிருக்கலாம்.

டிரேடு மரத்தில் பச்சைக் கிளைகளை மட்டும் வரைவது

2013இல் புரூக்ளின் நெட்ஸ் கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெரி ஆகியோருக்காக பாஸ்டனுக்கு 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் 2017இல் தேர்வு வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. கார்னெட்டுக்கு வயது 37, பியர்ஸுக்கு 35. உரிமையாளர் மிகயில் புரோகரோவ் 2010இல் ஐந்தாண்டுக்குள் கோப்பை என்று சொல்லியிருந்தார். அவசரம் புரிகிறது. ஆனால் அந்த இருவரும் ஓய்வுபெற்ற பிறகு வரும் ஆண்டுகளின் தேர்வுகளை, ‘முதல் சில இடங்களுக்குள் விழுந்தால் எங்களுக்கே’ என்ற நிபந்தனைகூட இல்லாமல் கொடுத்ததை மன்னிக்க முடியாது. அதைச் சொல்ல 2017 வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

ஒரு டிரேடிலிருந்து அடுத்தடுத்து விளைந்தவற்றைக் கிளைகளாகக் காட்டி பாஸ்டன் பக்கம் ரசிகர்கள் வரையும் மரத்தைப் பாருங்கள்: 2016இல் ஜெய்லன் பிரவுன், 2017இல் ஜேசன் டேடம், 2024இல் கோப்பை. எல்லாம் அப்போது பாஸ்டன் நிர்வாகத்தை நடத்திய டேனி எய்ஞ்சின் அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் விளைந்தது போலிருக்கும். நடந்தது அப்படியல்ல. 2017இல் நெட்ஸ் வழியாக வந்தது முதல் தேர்வு. எய்ஞ்ச் அதை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, மூன்றாம் தேர்வையும் பின்னொரு தேர்வுரிமையையும் வாங்கினார். மூன்றாவதில் டேடமை எடுத்தார். அது தனியான, துணிச்சலான இன்னொரு முடிவு. முதல் தேர்வில் ஃபிலடெல்ஃபியா எடுத்தது மார்கெல் ஃபுல்ட்ஸை. அதே மரத்தில் பட்டுப்போன கிளைகளும் இருக்கின்றன. 2014இன் 17ஆவது தேர்வு ஜேம்ஸ் யங், அணியில் நிலைக்கவே இல்லை. 2018 தேர்வுரிமை கைரி இர்விங்கை வாங்கப் போனது; இர்விங் இரண்டாண்டு ஆடிவிட்டுக் கிளம்பினார், அதுவும் புரூக்ளினுக்கே. 2024 அணியை முழுமையாக்கிய டெரிக் ஒயிட், ஜ்ரூ ஹாலிடே டிரேடுகளோ எய்ஞ்சுக்குப் பின் வந்த பிராட் ஸ்டீவன்ஸுடையவை.

தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது

2019இல் கிளிப்பர்ஸ், பால் ஜார்ஜுக்காக ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகள், இரண்டு இடமாற்று உரிமைகள் என்று அள்ளிக் கொடுத்தது. தனியாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அது ஒருவருக்கான விலையன்று. ஜார்ஜ் வந்தால்தான் லெனார்டும் வருவார் என்ற நிலை. இருவருக்குமாகச் சேர்த்து வகுத்தால் கணக்கு மாறும். அப்போதும் எனக்கு அது அதிகமாகவே படுகிறது.

நடக்காத டிரேடுகளும் கணக்கில் சேர வேண்டும். 2014இல் கெவின் லவ்வுக்காக கிளே தாம்சனைக் கொடுப்பது பற்றி கோல்டன் ஸ்டேட் பேசியதாகப் பரவலாகச் செய்தி வந்தது. கொடுக்கவில்லை, மறு ஆண்டே கோப்பை.

ஒரே ஒரு முத்தை வைத்து முடிவு கட்டுவது

டென்வர் 2014இல் 41ஆவது தேர்வில் நிக்கோலா யோகிச்சை எடுத்தது. மூன்று முறை எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது), 2023இல் கோப்பை. அப்போது அங்கே பொறுப்பிலிருந்த டிம் கானலியைப் புகழ இது போதுமா? அதே இரவில், அதே சென்டர் நிலைக்கு, 16ஆவது தேர்வில் வந்த யூசுஃப் நுர்கிச் டென்வருக்கே போனார். யோகிச் யார் என்று தெரிந்திருந்தால் 41 வரை காத்திருப்பார்களா?

கானலியின் மற்ற பக்கங்களையும் புரட்டுங்கள். 2013இல் அவர் பதவியேற்ற சில நாட்களில் நடந்த டிராஃப்டில், 27ஆவது இடத்தில் வந்த ரூடி கோபேரை 46ஆவது தேர்வுக்கும் ரொக்கத்துக்கும் யூட்டாவுக்குக் கொடுத்தார்கள். 2017 டிராஃப்ட் இரவில் டானவன் மிட்செல் அதே யூட்டாவுக்குப் போனார்; பதிலுக்கு டிரே லைல்ஸும் 24ஆவது தேர்வும். பிறகு மினசோட்டாவுக்கு மாறிய கானலி, 2022இல் அதே கோபேரைத் திரும்ப வாங்க யூட்டாவுக்கு நான்கு முதல் சுற்றுத் தேர்வுரிமைகளும் ஓர் இடமாற்று உரிமையும் வாக்கர் கெஸ்லர் உட்பட ஐந்து வீரர்களும் கொடுத்தார். லீக்கே கைகொட்டிச் சிரித்தது. முதல் பருவம் 42 வெற்றி, 40 தோல்வி. அடுத்த ஆண்டு, 2004க்குப் பிறகு முதன்முறையாக மேற்குப் பிரிவு இறுதி, 2025இல் மறுபடியும்.

அந்த வெற்றிகளின் அச்சாணியான அந்தோணி எட்வர்ட்ஸ் கானலி வருவதற்கு முன்பே, 2020இல் எடுக்கப்பட்டவர். கோபேருக்குக் கொடுத்த தேர்வுரிமைகளில் கடைசியானது 2029ஆம் ஆண்டினுடையது. விலை அதிகம் என்று அன்று சொன்னவர்கள் சொன்னதில் பிழையில்லை, இன்றும் அது அதிகம்தான். ஆனால் பல ஆண்டுகள் தோற்றே பழகிய அணிக்கு அந்த விலையில் வேறு எந்தத் தற்காப்பு வீரர் கிடைத்திருப்பார் என்று கேட்டால் பெயர் சொல்ல எனக்கு வரவில்லை.